டிவிடி ரிப் டிவியில் ஓட மறுத்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

பழைய டெஸ்க்டாப்பிலோ லேப்டாப்பிலோ ஜெல்லிஃபின் (படங்களை டிவிக்கு அனுப்பும் இலவச சர்வர் மென்பொருள்) நிறுவி, அலமாரியில் இருக்கும் டிவிடிகளை மேக்எம்கேவி (படத்தை மாற்றாமல் எடுப்பது) அல்லது ஹேண்ட்பிரேக் (சுருக்கி மாற்றுவது) மூலம் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, அதாவது ரிப் செய்து, கூடத்து டிவியில் பார்ப்பவர்களுக்கான குறிப்பு இது. பிளெக்ஸ், மினிடிஎல்என்ஏ என்ற வேறு சர்வர் மென்பொருள்கள் வைத்திருப்பவர்களுக்கும் அறிகுறிகள் இவைதான். மெனுப் பெயர்கள் மாறும். மினிடிஎல்என்ஏ படத்தை மாற்றி அனுப்பாது என்பதால் அது பற்றிய குறிப்புகள் மட்டும் அதற்குப் பொருந்தாது.

## முதலில் இரண்டே சோதனை

எதையும் நோண்டுவதற்கு முன் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுங்கள்.

சோதனை 1. தகராறு செய்யும் ஃபைலை சர்வர் கணினியிலேயே விஎல்சி பிளேயரில் திறந்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். நடுவிலும் கடைசியிலும் தாவிப் பாருங்கள். அங்கேயும் அதே கோளாறு என்றால் ரிப் செய்தபோதே கெட்டுவிட்டது. ரவுட்டரையும் டிவியையும் தொட வேண்டாம்.

சோதனை 2. விஎல்சியில் நன்றாக ஓடுகிறதா? போனில் எடுத்த ஒரு நிமிட வீடியோவை சர்வரில் போட்டு டிவியில் ஓட்டுங்கள். போன் கேமரா செட்டிங்கில் எச்.264 (பெரும்பாலான டிவிகள் படிக்கும் வீடியோ வகை) என்று வைத்து எடுங்கள். அது ஓடினால் சர்வர், நெட்வொர்க், டிவி மூன்றும் சரி. அந்தப் படத்தின் ஃபார்மேட்தான் டிவிக்கு ஒத்துவரவில்லை. அதுவும் ஓடாவிட்டால் நெட்வொர்க்கையோ சர்வரையோ பாருங்கள்.

இன்னொன்று. டிவிடியின் மொத்த வேகம் உச்சத்தில் நொடிக்கு 10 மெகாபிட்டை ஒட்டித்தான் இருக்கும். டிவியின் பின்னால் இருக்கும் சாதாரண 100 மெகாபிட் லேன் போர்ட்டே தாராளம். வீட்டுக்குள் ஓடும் படத்துக்கும் நீங்கள் மாதாமாதம் பணம் கட்டும் இன்டர்நெட் பிளானுக்கும் சம்பந்தம் இல்லை. படம் நின்று நின்று ஓடுகிறதென்று பெரிய பிளானுக்கு மாறினால் காசுதான் போகும்.

## அறிகுறி: டிவியில் சர்வரே தெரியவில்லை

வீட்டு வைஃபையில் இருக்கும் போனில் பிரவுசரைத் திறந்து சர்வரின் ஐபி முகவரியையும் 8096 என்ற போர்ட்டையும் அடியுங்கள் (192.168.1.20:8096 என்பதுபோல). பிளெக்ஸ் என்றால் 32400.

போனில் திறக்கவில்லை என்றால்

- சர்வர் உறங்கிவிட்டதா? லேப்டாப்பை மூடினால் ஸ்லீப் ஆகும்படிதான் விண்டோஸ் வரும். பவர் செட்டிங்கில் மூடி மூடினாலும் "டு நத்திங்" என்று மாற்றுங்கள். ஸ்லீப் நேரத்தை "நெவர்" ஆக்குங்கள். திரை மட்டும் அணையட்டும்.
- நேற்று ஓடியது இன்று இல்லையா? மின்சாரம் போய் வந்தபின் ரவுட்டர் சர்வருக்கு வேறு ஐபி கொடுத்திருக்கும். ரவுட்டரின் டிஎச்சிபி (ஐபி ஒதுக்கும்) பக்கத்தில் சர்வரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கருவியின் அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை திரும்ப வராது.
- விண்டோஸ் ஃபயர்வால். வீட்டு நெட்வொர்க் "பப்ளிக்" என்று குறிக்கப்பட்டிருந்தால் "பிரைவேட்" ஆக்குங்கள். பிறகும் திறக்காவிட்டால் ஜெல்லிஃபினுக்கு அனுமதி கொடுங்கள். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துச் சோதிக்கலாம். அப்படியே விட்டுவிடக் கூடாது.

போனில் திறக்கிறது, டிவியில் மட்டும் இல்லை என்றால்

- டிவியின் நெட்வொர்க் பக்கத்தில் அதன் ஐபியைப் பாருங்கள். முதல் மூன்று எண்கள் சர்வருடையதோடு ஒத்துப்போக வேண்டும். ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் இருந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் ஒன்றின் பின்னால் ஒன்று ஓடுகின்றன: ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டி ஒன்று, நீங்கள் வாங்கியது ஒன்று. இரண்டாவதை "ஆக்சஸ் பாயின்ட் மோடு"க்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத மாடல் என்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதன் ஐபியை முதல் பெட்டியின் வரிசைக்கு மாற்றி, கேபிளை வான் (WAN) துளையில் செருகாமல் லேன் துளையில் செருகுங்கள்.
- டிவி "கெஸ்ட்" வைஃபையில் இருக்கிறதா? கெஸ்ட்டில் இருக்கும் கருவிகளுக்குப் பெரும்பாலும் வீட்டின் மற்ற கருவிகள் தெரியாது. ரவுட்டரில் "ஏபி ஐசொலேஷன்" என்றொரு டிக் இருந்தாலும் இதே கதைதான்.
- டிவியின் ஆப்பில் சர்வர் தானாக வராவிட்டால் முகவரியைக் கையால் அடியுங்கள். தானாகக் கண்டுபிடிக்க ஜெல்லிஃபின் யுடிபி 7359 போர்ட்டைப் பயன்படுத்துகிறது. அது அடைபட்டிருந்தாலும் கையால் அடித்த முகவரி வேலை செய்யும்.
- ஆப் இல்லாமல் டிவியின் சொந்த மீடியா பிளேயரில் பார்த்துவந்தீர்களா? ஜெல்லிஃபின் 10.9 முதல் டிஎல்என்ஏ (டிவியின் சொந்தப் பிளேயருக்குப் படம் தரும் முறை) தனிப் பிளகினாகப் பிரிந்துவிட்டது. அப்டேட் செய்த மறுநாள் சர்வர் மாயமானால் காரணம் இதுவே. டாஷ்போர்டின் பிளகின் பட்டியலில் நிறுவி சர்வரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: ஃபைபர் பெட்டியின் அட்மின் பாஸ்வேர்டு உங்களிடம் இல்லை, பிரிட்ஜ் மோடுக்கு (பெட்டி ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்ற வேண்டும் என்றால் சேவை தரும் கம்பெனியின் டெக்னீஷியன்தான் வர வேண்டும். ரீசெட் பொத்தானை அழுத்திப் பார்க்காதீர்கள். இன்டர்நெட் லாகின் விவரமும் சேர்ந்து அழிந்துவிடக்கூடும்.

## அறிகுறி: சர்வர் தெரிகிறது, படம் பட்டியலில் இல்லை

"ஸ்கேன் ஆல் லைப்ரரீஸ்" கொடுங்கள். பாதிப் பேருக்கு இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். விண்டோஸில் வேறு பென்டிரைவ் செருகியிருந்த நேரத்தில் ரீஸ்டார்ட் ஆனால் 'ஈ' டிரைவ் 'எஃப்' ஆகிவிடும். சர்வர் பழைய எழுத்திலேயே தேடிக்கொண்டிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பின்வரிசை எழுத்து ஒன்றை, 'எம்' மாதிரி, நிரந்தரமாகக் கொடுத்துவிடுங்கள்.

லினக்ஸில் இது அனுமதிப் பிரச்சினை. டெஸ்க்டாப்பில் கிளிக் செய்து திறந்த யுஎஸ்பி டிஸ்க் உங்கள் பெயருக்குரிய ஃபோல்டருக்குள் மவுண்ட் ஆகிறது, அதாவது இணைகிறது. ஜெல்லிஃபின் ஓடுவதோ 'ஜெல்லிஃபின்' என்ற தனிப் பயனர் பெயரில். அந்தப் பயனருக்கு மேல் ஃபோல்டருக்குள் நுழையவே உரிமை இல்லை. படங்களுக்கு 777 (எல்லாருக்கும் எல்லா உரிமையும்) கொடுத்தும் பயனில்லை என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வது இதனால்தான். டிஸ்க்கை எஃப்ஸ்டேப் (எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று எழுதும் லினக்ஸ் ஃபைல்) வழியாக வேறு பொது இடத்தில் மவுண்ட் செய்தால் தீரும். கணினி தொடங்கும்போதே டிஸ்க்கும் ஏறிவிடும்.

படம் இருக்கிறது, போஸ்டரும் பெயரும் தப்பு என்றால் ஃபோல்டர் பெயரில் ஆண்டு இல்லை. 'பில்லா' என்று மட்டும் போட்டால் 1980ஆ 2007ஆ என்று சர்வர் எப்படி அறியும்? ஒவ்வொரு படத்துக்கும் தனி ஃபோல்டர், பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் ஆண்டு. கல்யாண வீடியோ, பள்ளி ஆண்டு விழா டிஸ்க்குகளைத் தனி லைப்ரரியாக, "ஹோம் வீடியோஸ்" வகையில் போடுங்கள். சினிமா லைப்ரரியில் போட்டால் உங்கள் அக்கா கல்யாணத்துக்கு ஏதோ ஒரு ஹாலிவுட் போஸ்டர் ஒட்டிக்கொள்ளும்.

## அறிகுறி: படம் துண்டு துண்டாக வருகிறது, தாவினால் எங்கோ போகிறது

டிஸ்க்கில் இருந்த விஓபி ஃபைல்களை (டிவிடியில் படம் இருக்கும் ஃபைல்கள்) அப்படியே காப்பி செய்திருப்பீர்கள். டிவிடியில் ஒவ்வொரு விஓபியும் 1 ஜிபி அளவில் வெட்டப்பட்டிருக்கும். உள்ளே நேரக் கணக்கு இடையிடையே பூஜ்யத்துக்குத் திரும்பும். அதனால்தான் ரிமோட்டில் முன்னால் தள்ளினால் படம் குழம்புகிறது, இரண்டு மணி நேரப் படத்துக்கு 22 நிமிடம் என்று காட்டுகிறது. விஓபிகளை வெறுமனே ஒட்டவைக்கும் மென்பொருள்கள் இதைத் தீர்க்காது. பிறகு சத்தம் உதட்டுக்கு ஒட்டாமல் போகும்.

சரியான வழி: மேக்எம்கேவியில் டிஸ்க்கை (அல்லது ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் முழு வீடியோ_டிஎஸ் ஃபோல்டரை) திறந்து முக்கிய டைட்டிலை (முழுப் படம் உள்ள பகுதியை) மட்டும் எம்கேவி என்ற ஒற்றை வீடியோ ஃபைலாக எடுங்கள். தரம் துளியும் குறையாது, 4 முதல் 7 ஜிபி வரும். விஓபியோடு வரும் ஐஎஃப்ஓ ஃபைல்களை (படத்தின் வரிசையைச் சொல்பவை) அழித்திருந்தால் இது நடக்காது. டிஸ்க்கை மறுபடி போட வேண்டியதுதான்.

ஒரே நீளத்தில் பத்து இருபது டைட்டில் காட்டுகிறதா? காப்பி தடுக்கச் செய்த ஏமாற்று வேலை. டிஸ்க்கை விஎல்சியில் ஓட்டிப் படம் தொடங்கியதும் "பிளேபேக் > டைட்டில்" மெனுவில் எந்த எண் டிக் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். மேக்எம்கேவியில் அந்த மூல எண்ணுள்ளதை எடுங்கள்.

படம் எப்போதும் 4 ஜிபியில் நின்றுவிடுகிறதா? ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 ஃபார்மேட்டில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள். உள்ளே இருப்பது அழியும் என்பதால் முதலில் வேறிடத்தில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி: "ஃபார்மேட் நாட் சப்போர்ட்டட்" அல்லது கருப்புத் திரை

படத்தை ஓடவிட்டு, ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் அந்த டிவியின் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

"டைரக்ட் பிளே" என்றிருந்தால்: சர்வர் ஃபைலை மாற்றாமல் அனுப்புகிறது, டிவிக்குத்தான் புரியவில்லை. டிவிடியின் வீடியோ வகை எம்பெக்-2. பெரும்பாலான டிவிகளுக்கு அது தெரியும், ஆனால் எம்கேவி உறைக்குள் வந்தால் சில டிவி பிளேயர்கள் திணறும். ஆப்பில் பிட்ரேட்டை 3 எம்பிபிஎஸ் அளவுக்குக் குறைத்தால் சர்வர் கட்டாயம் மாற்றி அனுப்பும். ஓடினால் காரணம் உறுதி.

"டிரான்ஸ்கோடிங்" (சர்வர் வேறு வகைக்கு மாற்றி அனுப்புவது) என்றிருந்து கருப்பாகவே நின்றால்: ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை "நன்" ஆக்கிப் பாருங்கள். கணினியில் இல்லாத கிராபிக்ஸ் வசதியை டிக் செய்து வைத்திருப்பதுதான் இங்கே முதல் குற்றவாளி. டிவிடி அளவுப் படத்துக்கு ஹார்ட்வேர் உதவியே வேண்டாம், பத்து வருடப் பழைய ஐ3 கூடச் சமாளிக்கும். அடுத்து, டிரான்ஸ்கோடு தற்காலிக ஃபோல்டர் இருக்கும் டிஸ்க் நிரம்பியிருக்கிறதா பாருங்கள். சிறிய எஸ்எஸ்டி வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

குரோம்காஸ்ட்டுக்கு எம்பெக்-2 தெரியவே தெரியாது. கணினி குரோம் பிரவுசருக்கும் அப்படியே. அவற்றுக்கு எப்போதும் சர்வர் மாற்றித்தான் அனுப்ப வேண்டும்.

சர்வர் ராஸ்பெரி பை மாதிரி நோஞ்சானாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மாற்ற வைப்பதைவிட ஒரேயடியாக ஹேண்ட்பிரேக்கில் எச்.264 ஆக்கிவிடுவது மேல். பால் (PAL, நொடிக்கு 25 ஃப்ரேம்) டிஸ்க்குக்கு "எச்கியூ 576பி25 சரவுண்ட்" அல்லது என்டிஎஸ்சி (NTSC, நொடிக்கு ஏறத்தாழ 30 ஃப்ரேம்) டிஸ்க்குக்கு "எச்கியூ 480பி30 சரவுண்ட்" எடுத்துக்கொண்டு, தரத்தைச் சொல்லும் ஆர்எஃப் எண்ணை 20 வையுங்கள். ஒரு படம் பெரும்பாலும் 1 முதல் 2 ஜிபிக்குள் அடங்கும். எம்பி4 ஆக எடுத்தால் "வெப் ஆப்டிமைஸ்டு" டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஃபைலின் தலைப்புத் தகவல் கடைசியில் போய் உட்கார்ந்து சில டிவிகளில் படம் தொடங்கவே நேரம் பிடிக்கும்.

## அறிகுறி: படம் வருகிறது, சத்தம் இல்லை

முதலில் ரிமோட்டில் ஆடியோ டிராக்கை மாற்றுங்கள். டிவிடியில் பெரும்பாலும் இரண்டு மூன்று இருக்கும்.

- டிடிஎஸ் (ஒரு சரவுண்ட் ஒலி வகை) டிராக். சாம்சங் 2018 முதல் வந்த டிவிகளில் டிடிஎஸ்ஸை நீக்கிவிட்டது. எல்ஜியும் 2020 மாடல்களில் எடுத்துவிட்டது. டிவி கெட்டுவிட்டது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். அதே டிஸ்க்கில் டால்பி டிராக் (ஏசி3) இருந்தால் அதைத் தேர்வுசெய்யுங்கள்.
- எல்பிசிஎம் (சுருக்காத ஒலி) டிராக். கச்சேரி டிஸ்க்குகளிலும் ஸ்டூடியோக்காரர் போட்டுத் தந்த கல்யாண டிவிடிகளிலும் வரும். எம்கேவிக்குள் இருந்தால் சில டிவிகள் ஊமையாகிவிடும். ஏஏசி அல்லது ஏசி3 ஆக மாற்றுங்கள்; வீடியோவைத் தொட வேண்டாம்.
- ஏசி3யிலும் சத்தம் இல்லை. விலை மலிந்த ஆண்ட்ராய்டு பெட்டிகளில் டால்பி உரிமம் இல்லாமல் இருக்கும். ஆப் செட்டிங்கில் ஸ்டீரியோவாகக் கலந்து அனுப்பச் சொல்லுங்கள்.

புதிதாக ரிப் செய்பவர்கள் ஹேண்ட்பிரேக்கில் இரண்டு டிராக் வைத்துக்கொள்ளுங்கள்: முதலாவது ஏஏசி ஸ்டீரியோ 160 கேபிபிஎஸ், இரண்டாவது மூல ஏசி3 அப்படியே. எந்த டிவிக்குப் போனாலும் ஏதோ ஒன்று பேசும்.

வசனம் முணுமுணுப்பு, பாட்டும் சண்டையும் காதைக் கிழிக்கிறது என்றால் 5.1 டிராக்கை டிவியின் இரண்டு ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள். வசனம் நடு சானலில் இருக்கிறது. ஜெல்லிஃபினின் டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் "ஆடியோ பூஸ்ட் வென் டவுன்மிக்ஸிங்" இருக்கிறது, 2 வைத்துப் பாருங்கள். படத்தில் ஸ்டீரியோ டிராக்கும் இருந்தால் அதைவிடச் சுலபமான மருந்து இல்லை.

## அறிகுறி: உதடு ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம்

தொடக்கத்திலும் கடைசியிலும் விலகல் ஒரே அளவா, வளர்கிறதா? இந்த ஒரு கேள்வி போதும்.

ஒரே அளவு என்றால் பெரும்பாலும் ஃபைலில் குற்றமில்லை. சவுண்ட்பார் ப்ளூடூத்தில் இருந்தால் எச்டிஎம்ஐ ஏஆர்சி கேபிளுக்கு மாற்றுங்கள். டிவியின் சவுண்ட் மெனுவில் "டிலே" அல்லது "ஏவி சிங்க்" இருக்கும். டிவியின் ஸ்பீக்கரில் ஒட்டி, சவுண்ட்பாரில் மட்டும் விலகினால் சவுண்ட்பார் பக்கம்தான்.

வளர்ந்துகொண்டே போனால் ரிப்பில் கோளாறு: ஒட்டவைத்த விஓபி, அல்லது படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போன ரிப். மீண்டும் எடுப்பதைத் தவிர வழியில்லை.

பாட்டின் சுருதி மட்டும் லேசாக ஏறிக் கேட்கிறது என்றால் அது கோளாறே இல்லை. நொடிக்கு 24 ஃப்ரேம் படத்தை பால் டிஸ்க்கில் 25 ஆக ஓட்டுகிறார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், சத்தமும் 4 சதவீதம் விரையும்.

## அறிகுறி: ஆள் அசைந்தால் சீப்புப் பல் மாதிரி கோடுகள்

டிவிடி விவகாரத்தில் அதிகம் தவறாக வைத்தியம் பார்க்கப்படுவது இது. டிஸ்க் பிளேயரில் போட்டபோது தெரியாத கோடுகள் ரிப் செய்தபின் தெரிவதால் ரிப் மென்பொருளைத் திட்டுவார்கள். கோடுகள் டிஸ்க்கிலேயே இருந்தன. பிளேயரோ டிவியோ ஓட்டும்போது அவற்றைக் கலைத்துக் காட்டிவந்தது. நீங்கள் ஹேண்ட்பிரேக்கில் கோடு நீக்காமல் மாற்றியிருந்தால் அவை படத்திலேயே பதிந்து உறைந்திருக்கும். அதற்குப் பிறகு டிவியால் ஒன்றும் செய்ய முடியாது.

மூல எம்கேவி (மாற்றாதது) கையில் இருந்தால் இப்படிச் சோதியுங்கள். விஎல்சியில் "வீடியோ > டீஇன்டர்லேஸ்" (கோடு நீக்கும் வசதி) ஆஃப் செய்யுங்கள். அது தானியங்கியில் இருந்தால் கோடு மறைந்து சோதனை பொய்யாகும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சியில் நிறுத்தி, விசைப்பலகையில் 'ஈ' எழுத்தை (ஆங்கிலத்தின் ஐந்தாவது எழுத்து) ஒவ்வொரு தட்டாகத் தட்டி, ஃப்ரேம் ஃப்ரேமாகப் பத்து ஃப்ரேம் நகருங்கள்.

- மூன்று சுத்தம், இரண்டு கோடு, மறுபடி மூன்று சுத்தம்: சினிமாவை என்டிஎஸ்சிக்கு நீட்டியிருக்கிறார்கள். தமிழ்ப் பட டிஸ்க்குகளில் இது நிறைய. ஹேண்ட்பிரேக்கில் "டீடெலிசின்" ஆன் செய்யுங்கள், ஃப்ரேம் ரேட் "சேம் அஸ் சோர்ஸ்", "வேரியபிள்". சுத்தமான 24 ஃப்ரேம் கிடைக்கும்; கேமரா நகரும்போது வரும் குலுக்கலும் சேர்ந்து போகும்.
- அசைவு உள்ள எல்லா ஃப்ரேமிலும் கோடு: வீடியோ கேமராவில் எடுத்தது. கல்யாண வீடியோ, டிவி நாடகம், மேடைக் கச்சேரி. "டீகோம்ப்" ஃபில்டரில் "பாப்" தேர்ந்து, ஃப்ரேம் ரேட்டை பால் டிஸ்க்குக்கு 50, என்டிஎஸ்சிக்கு 59.94 வையுங்கள். வெறும் 25 ஆக்கினால் கோடு போகும், ஆனால் அசைவின் வழவழப்பு பாதியாகக் குறையும். நடனக் காட்சியில் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.
- எங்கோ சில இடங்களில் மட்டும்: "டீகோம்ப்" இயல்பு நிலையிலேயே போதும். கோடுள்ள ஃப்ரேமை மட்டும் தொடும்.
- கோடுகள் இல்லை, ஆனால் ஒரு உருவத்தின் மேல் இன்னொன்று நிழலாக: டிஸ்க் தயாரித்தவர்களே ஃப்ரேம்களைக் கலந்து பதித்துவிட்டார்கள். எந்த ஃபில்டரும் இதைப் பிரிக்காது. வேறு பதிப்பு டிஸ்க் கிடைத்தால் உண்டு.

மாற்றாமல் எம்கேவியாகவே வைத்து டிவியில் கோடு தெரிந்தால் ஜெல்லிஃபின் டிரான்ஸ்கோடிங் பக்கத்தில் டீஇன்டர்லேஸ் முறையை "பிடபிள்யூடிஃப்" ஆக்குங்கள். சர்வர் மாற்றி அனுப்பும்போது மட்டும் இது வேலை செய்யும். டைரக்ட் பிளேயில் டிவியின் தயவுதான்.

## அறிகுறி: ஆட்கள் ஒல்லியாக, குண்டாக, நாலு பக்கமும் கருப்பு

ஆட்கள் ஒல்லியாகத் தெரிந்தால் 16:9 படத்தை டிவி 4:3 என்று எண்ணுகிறது. ரிமோட்டில் பிக்சர் சைஸ் மாற்றிச் சமாளிக்கலாம். நிரந்தரமாக வேண்டுமானால் எம்கேவிடூல்நிக்ஸ் என்ற மென்பொருளில் ஃபைலைச் சேர்த்து, வீடியோ டிராக்கின் ஆஸ்பெக்ட் ரேஷியோவில் 16/9 என்று எழுதிச் சேமியுங்கள். மறு என்கோடிங் இல்லை, சில நிமிடத்தில் முடியும்.

நாலு பக்கமும் கருப்புச் சட்டம் என்றால் அகலத் திரைப் படத்தை 4:3 சட்டத்துக்குள் மேலும் கீழும் கருப்போடு பதித்த பழைய டிஸ்க் அது. அன்றைய பெட்டி டிவிக்காகச் செய்தது. டிவியின் ஜூம் போதும். ஹேண்ட்பிரேக்கில் மாற்றும்போது "கிராப்பிங்" தானியங்கியில் இருந்தால் கருப்பு வெட்டுப்படும். சப்டைட்டில் கீழ்க் கருப்பில் இருக்கும் டிஸ்க் என்றால் ஜூம் செய்தவுடன் அது திரைக்கு வெளியே போகும். அதற்கு அடுத்த பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி: சப்டைட்டில் போட்டால் மட்டும் தகராறு

டிவிடி சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். பல டிவி ஆப்களால் அதைத் தனியாகக் காட்ட முடியாது. எனவே சர்வர் மொத்த வீடியோவையும் மாற்றி, எழுத்தை மேலே பதித்து அனுப்புகிறது. சப்டைட்டிலை அணைத்ததும் படம் வழுக்கிக்கொண்டு ஓடினால் காரணம் இதுதான்.

சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் அந்தப் படச் சப்டைட்டிலை ஓசிஆர் செய்து (படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுத்து) எஸ்ஆர்டி என்ற எழுத்து ஃபைல் ஆக்குங்கள். ஆங்கிலம் ஓரளவு சுத்தமாக வரும். பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் குழம்பும், அவ்வளவுதான். தமிழை எடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும், கையால் திருத்தப் பொழுது வேண்டும்.

தமிழ் எஸ்ஆர்டி கட்டம் கட்டமாக வந்தால் டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. டிவியின் சொந்தப் பிளேயரை விட்டு ஆப்பில் பாருங்கள். ஆங்கில எழுத்தும் குறியீடுகளுமாக வந்தால் ஃபைல் பாமினி, டிஸ்கி போன்ற பழைய குறியேற்றத்தில் இருக்கிறது. என்எச்எம் கன்வெர்ட்டரில் யூனிகோடாக்கி, யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள்.

## அறிகுறி: படம் நின்று நின்று ஓடுகிறது

தொடங்கும்போது பத்துப் பதினைந்து நொடி தாமதம், பிறகு ஒழுங்கு: ஹார்ட் டிஸ்க் உறக்கத்திலிருந்து எழுகிறது. கோளாறில்லை.

நடுநடுவே நிற்கிறதென்றால் டிவியில் ஒரு நீள லேன் கேபிளை ஒரு மாலைப் பொழுதுக்கு மட்டும் தரையில் இழுத்துச் செருகிப் பாருங்கள். சரியானால் வைஃபை. 2.4 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் 5க்கு மாற்றுங்கள். நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் இருந்தால் 5 போய்ச் சேராது, கேபிளே கதி. சர்வரும் டிவியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒரே படம் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது. சர்வரையாவது ரவுட்டருடன் கேபிளில் கட்டிவிடுங்கள்.

கேபிளிலும் நின்றால் ஹார்ட் டிஸ்க். எப்போதும் அதே படத்தில் அதே இடமா? டிஸ்க்கின் நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 05, சி5, சி6 வரிகளின் (கெட்ட இடங்களின் கணக்கு) மூல மதிப்பைப் பாருங்கள். சி5 பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அன்றைக்கே வேறு டிஸ்க்குக்குக் காப்பி எடுங்கள். ராஸ்பெரி பையில் யுஎஸ்பியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் டிஸ்க் என்றால் அடாப்டர் பலவீனமாகவும் இருக்கலாம். தனி மின்சாரமுள்ள யுஎஸ்பி ஹப் போட்டுப் பாருங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: டிஸ்க்கில் "டக் டக்" சத்தம் கேட்டால் உடனே அணையுங்கள். வேறு பிரதி இல்லாத குடும்ப வீடியோ உள்ளே இருந்தால் மறுபடி ஆன் செய்து பார்ப்பதே ஆபத்து, டேட்டா ரெக்கவரி கடைக்கு அப்படியே கொண்டுபோங்கள். சினிமாக்கள் மட்டும் என்றால் அந்தச் செலவுக்கு அர்த்தமில்லை. டிஸ்க்குகள் அலமாரியில்தானே இருக்கின்றன.

## அறிகுறி: ரிப்பே முடியவில்லை

- பாதியில் "அன்கரெக்டபிள் எரர்". இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு, மென்மையான துணி. நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடும்.
- அதே டிஸ்க் வேறு டிரைவில். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கும். நண்பரின் பழைய டெஸ்க்டாப் டிரைவ் பெரும்பாலும் மெல்லிய லேப்டாப் டிரைவைவிட விடாப்பிடியானது.
- யுஎஸ்பி டிரைவ் சுழன்று சுழன்று நிற்கிறது. மின்சாரம் போதவில்லை. இரண்டு யுஎஸ்பி முனையுள்ள கேபிள் அல்லது கணினியின் பின்பக்கப் போர்ட். முன்பக்கப் போர்ட்டும் நீட்சிக் கேபிளும் வேண்டாம்.
- டிரைவ் ரீஜியன் கேட்கிறது. இந்தியாவும் இலங்கையும் ரீஜியன் 5. டிரைவில் ஐந்து முறைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது நிலைத்துவிடும். யோசித்து அழுத்துங்கள்.
- எல்லா டிஸ்க்கும் தகராறு. டிரைவின் லென்ஸ் அழுக்கடைந்திருக்கும் அல்லது லேசர் வலுவிழந்திருக்கும். சுத்தம் செய்யச் செலவழிப்பதைவிடப் புது டிரைவ் வாங்குவது லாபம்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: அடிப்பக்கக் கீறலை மெருகேற்றித் தரும் கடைகள் உண்டு, அதற்குப் பலன் இருக்கும். டிவிடியில் தகவல் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருக்கிறது. விளிம்பில் தகடு பிரிந்து வெளுத்திருந்தால் மெருகு உதவாது.

ஸ்டூடியோவில் எரித்துக் கொடுத்த கல்யாண டிவிடி வேறு சாதி. அதில் சாயம்தான் தகவல். வெயிலும் புழுக்கமும் பட்டால் வெளுக்கும், கீறலே இல்லாமல் படிக்காமல் போகும். அப்படிப்பட்ட டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப மேக்எம்கேவியில் போட்டு ஓட்டாதீர்கள். லினக்ஸில் டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்க்கிலிருந்து மீட்கும் கருவி) கொண்டு முதலில் படிக்கும் பகுதிகளை ஐஎஸ்ஓ ஃபைலாக (டிஸ்க்கின் முழு நகல்) எடுங்கள். எது படித்தது, எது படிக்கவில்லை என்று அது எழுதும் மேப் ஃபைலை வைத்துக்கொண்டு, விட்டுப்போன இடங்களை மட்டும் இரண்டாவது, மூன்றாவது டிரைவில் அதே ஐஎஸ்ஓவில் நிரப்புங்கள். பிறகு அந்த ஐஎஸ்ஓவை மேக்எம்கேவியில் திறக்கலாம்.

டிஸ்க் வெறுமையாகத் தெரிகிறது, ஆனால் அடிப்பக்கம் பதிந்த வளையம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் கேமராவிலோ ரெக்கார்டரிலோ எடுத்துவிட்டு "ஃபைனலைஸ்" செய்யாமல் விட்டிருக்கிறார்கள். எடுத்த அதே கருவி இன்னும் ஓடினால் அதில் போட்டு ஃபைனலைஸ் கொடுங்கள். கருவி இல்லையென்றால் ரெக்கவரி கடைதான். அங்கே டிஸ்க் கெட்டுவிட்டது என்று சொல்லாமல், ஃபைனலைஸ் ஆகாத டிஸ்க் என்று சொல்லி, எடுத்த கருவியின் மாடல் எண்ணையும் கொடுங்கள்.